கூப்பிடு தூரம்

எக்ஸ்ரே அக்காவிடம் ஒருமுறை படம் எடுத்துக்கொண்டவர்கள் அவளை மறப்பதில்லை. தாடையைத் தூக்கு, தோளை முன்னால் தள்ளு, முழங்கையை மடக்காதே என்று அவள் போடுகிற அதட்டலில் வந்த வலியே பாதி மறந்துபோகும். "மூச்ச இழுங்க. பிடிங்க. அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போவாள். அவள் "விடுங்க" என்று சொல்கிற வரை, வந்தது ஆஸ்பத்திரி முதலாளியே ஆனாலும் மூச்சை விட்டதில்லை. ஒருமுறை அப்படிச் சொல்ல மறந்துவிட்டு அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டதாகவும், திரும்பி வருகிற வரை ஒரு மனிதர் முகம் சிவக்க நின்றுகொண்டிருந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் அங்கே வேலை செய்கிற யாரும் அதை நம்பாமல் இல்லை.

அவளுக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். நோயாளிகள் கழற்றிப் போடுகிற சங்கிலி, சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றுக்கும் தட்டில் தனித்தனி இடம். ஈய அங்கி மாட்டுகிற கொக்கியில் வேறு யாராவது குடையை மாட்டினால் அன்றைக்கு அவர் தொலைந்தார். தான் சொன்னதுதான் சரி என்று நிற்பாள், பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் அவளைக் கெடுத்தது என்று அவள் கணவர் சொல்வார். அவள் காதில் விழாதபடி சொல்வார்.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினேழு. தலை வாரிவிட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டது வரை எல்லாம் அவள்தான். அவன் வளர்ந்து ஏசி மெக்கானிக் ஆனான். கையில் எது கிடைத்தாலும் பிரித்துப் பார்த்துத் திரும்ப மாட்டிவிடுகிற ஆள். அப்படித்தான் ஒருநாள் கையடக்கமான ஒரு ஜிபிஎஸ் கருவியை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, ஞாயித்துக்கிழம சும்மாதான இருக்க? வா, ஒரு விளையாட்டு சொல்லித் தரேன்."

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். உலகம் முழுக்க இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஒருவர் ஒரு டப்பாவை மலையிலோ பாலத்தடியிலோ ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களைக் கருவியில் அடித்துத் தேடிக்கொண்டு போவார்கள். டப்பாவுக்குள் என்ன புதையலா இருக்கிறது? ஒரு துண்டுச் சீட்டு, ஒரு பென்சில், யாரோ போட்ட சாவிக்கொத்து, பிளாஸ்டிக் டைனோசர். கண்டுபிடித்தவர் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

"குப்பையத் தேடி மல ஏறி, அத திரும்ப அங்கயே போட்டுட்டு வர்றதா?" என்றார் அவள் கணவர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிற உத்தியோகம் அவருக்கு. வாரம் முழுக்க எண்களைத் தேடி நடக்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமையும் எண்ணைத் தேடி நடக்க அவருக்கென்ன பைத்தியமா.

ஆனால் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. கருவி அல்ல, வரைபடம். அளவைத் துறை எந்தக் காலத்திலோ அச்சிட்ட நிலவரைபடம் ஒன்றை ஒரு பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்துக்கொண்டு வந்தாள். விரித்தால் சாப்பாட்டு மேசை மூடிப்போகும். பழுப்பு நிறத்தில் சம உயரக் கோடுகள். கோடுகள் நெருங்கி வந்தால் ஏறும்போது மூச்சு வாங்கும், விலகிப் போனால் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். எலும்பைப் படத்தில் படித்துப் பழகிய கண்ணுக்கு மலையைப் படத்தில் படிப்பது சுலபமாக வந்தது. தம்பி கருவியைப் பார்த்து எண்ணைச் சொல்வான், அவள் வரைபடத்தில் குறித்து எந்தச் சரிவில் ஏறுவது என்று முடிவு செய்வாள்.

இரண்டு பேர் கழுத்திலும் ஆளுக்கொரு விசில். பக்கத்தில் போனதும் பிரிந்து தேடுவார்கள். அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. டப்பாவைக் கண்டுபிடித்தவர் நின்ற இடத்திலிருந்து ஊத வேண்டும், இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மற்றவர் தேடுவதை விட்டுவிட்டுச் சத்தம் வந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கண்டுபிடித்தவர் நகரக் கூடாது. சட்டம் போட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தகராறு மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கருவி காட்டுகிற இடமும் அவள் வரைபடத்தில் குறிக்கிற இடமும் ஒன்றாக வந்ததே இல்லை. எப்போது பார்த்தாலும் கொஞ்சம் தள்ளித்தான் வரும், அதுவும் ஒரே பக்கமாக. "உன் மிஷின் குடிச்சிருக்குடா" என்பாள். "உன் மேப்புக்கு வயசாயிடுச்சுக்கா" என்பான். டப்பா என்னவோ கருவி சொன்ன இடத்தில்தான் கிடைக்கும். அதைப் பற்றி அவள் பேச மாட்டாள். அவனும் சிரிப்பானே தவிர, சொல்லிக்காட்ட மாட்டான்.

அவனுக்குக் கல்யாணம் ஆகி முதல் வருடம், மனைவியையும் அவளுடைய அண்ணனையும் கூட்டிக்கொண்டு எல்லாருமாக ஒரு பள்ளத்தாக்குக்குப் போனார்கள். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. அந்த மாதிரி இடத்தில் வானத்துச் சிக்னல் பாறையில் பட்டுத் தெறித்துக் கருவி தடுமாறும். தம்பி மச்சானுக்கு முன்னால் கொஞ்சம் தோரணையாகத்தான் கருவியை நீட்டிக்கொண்டு நடந்தான், எல்லாரையும் முள் புதருக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். அக்கா வரைபடத்தைப் பிரித்து அரை மணியில் வெளியே கொண்டுவந்தாள். அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவள் எக்ஸ்ரே அக்கா இல்லையே.

"மிஷினக் கையில வெச்சிருக்கவன்லாம் வழிகாட்டி ஆயிட முடியுமா? பாக்கெட்டுல போட்டுட்டு என் பின்னாடி வா. சின்னதுல வந்த மாதிரி."

மச்சான் சிரித்துவிட்டான். மனைவி தரையைப் பார்த்தாள். தம்பி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீ அக்கா. அம்மா இல்ல. அத ஞாபகம் வெச்சுக்க" என்றான்.

ஆறேழு மாதம் பேச்சு இல்லை. அவளாகக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை. இரவில் படுத்துக்கொண்டு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைப்பாள், காலையில் எழுந்ததும், இவன் மட்டும் அம்மா இல்லை என்று சொல்லலாமா என்று நினைப்பாள். கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான். ஒருநாள் அவள் போனில் இரண்டு எண்கள் வந்தன. கீழே, "ஞாயித்துக்கிழம காலைல. நீ மட்டும் வாக்கா. ஒன்னு சொல்லணும். உனக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

அதைப் படித்துவிட்டு அவள் செய்த காரியத்தை அவளைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். கடைக்குப் போய் ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கினாள். தம்பி சொன்ன எண்ணைத் தம்பியுடைய வழியிலேயே தேடிக்கொண்டு போய் நிற்க வேண்டும், அவன் கண்ணுக்கு அது பட வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது. அதற்குப் பதிலாக ஒரு கருவியை வாங்கினாள்.

அதோடும் விட்டிருக்கலாம். வாங்கிய கருவி சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டாமா? ஊருக்கு வெளியே குன்றின் மேல் அளவைத் துறை நட்ட ஒரு தூண் உண்டு, அதன் எண்கள் வரைபடத்திலேயே அச்சாகியிருக்கும். அங்கே போய்க் கருவியை வைத்துப் பார்த்தாள். எண்கள் ஒத்துப்போகவில்லை. குறிப்புப் புத்தகத்தைப் படித்துக் கருவியின் உள்ளே போனாள். டேட்டம் என்று ஒரு பட்டியல் வந்தது. பூமியை எந்தக் கணக்கில் அளப்பது என்று சொல்கிற இடம் அது. அவளுடைய வரைபடம் பழைய கணக்கில் வரைந்தது, செயற்கைக்கோள்கள் புதிய கணக்கில் பேசுகின்றன. ஒரே எண் இரண்டு கணக்கிலும் வேறு வேறு இடத்தைக் காட்டும். வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த பெயரைப் பட்டியலில் தேடிப்பிடித்துத் தேர்ந்தெடுத்தாள். உடனே கருவி, வரைபடம் சொன்னதையே திருப்பிச் சொன்னது. "இப்பதான் ஒழுங்கா பேசுற" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

தம்பி அனுப்பியது புதிய கணக்கு எண்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. எண் எண்தானே என்று நினைத்துவிட்டாள். விட்டுக்கொடுக்கத்தான் போனாள் பாவம், போகிற வழியில் கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெளிச்சம். மலையில் அப்போது போன் எடுக்காது. ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு தட்டைப் பாறையில் கருவி "வந்துவிட்டாய்" என்றது. தம்பியைக் காணோம். வந்துவிடுவான் என்று உட்கார்ந்தாள். பையில் ஃபிளாஸ்க் நிறைய டீயும் இரண்டு டம்ளரும் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் விசில் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஓடைக்கு அந்தப் பக்கம், புதர்களுக்குப் பின்னாலிருந்து. கூப்பிடு தூரம்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்துகூட நின்றாள். அப்புறம் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். அது இந்த இடம்தான் என்கிறது. வரைபடத்தைப் பார்த்தாள், அதுவும் இந்த இடம்தான் என்கிறது. அப்படியானால் தப்பான இடத்தில் நிற்பது அவன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. விசிலை எடுத்துத் தானும் ஊதினாள், இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கண்டுபிடித்தவள் நான், நீ வா.

அங்கிருந்து மறுபடியும் அதே விசில். இவளும் மறுபடியும் ஊதினாள். 'மிஷின் ராஜா வழி தெரியாம நிக்கிறாரு. வரட்டும், வந்து அசடு வழியட்டும், ஒரு வார்த்தையும் சொல்லாம டீய ஊத்திக் குடுப்போம்' என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது டம்ளரை அவன் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று பையிலேயே விட்டாள். தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டே குடித்தாள்.

அதற்குப் பிறகு விசில் கேட்கவில்லை. அவனும் வரவில்லை. மத்தியானம் வரை இருந்து பார்த்துவிட்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்து பையை எறிந்த வேகத்தில் டம்ளர் நசுங்கிவிட்டது. "அவன் வரல" என்று கணவரிடம் சொன்னாள். விசிலைப் பற்றிச் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, யாரிடமும் சொல்லவில்லை. போன் வரும் என்று ராத்திரி முழுக்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள். வரவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, கையில் கட்டுப் போட வந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரி, எக்ஸ்ரே தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னாள். "உன் தம்பிக்குப் பொண்ணு பொறந்திருக்காமே? அத்தக்காரிக்கு ஒரு ஸ்வீட்டாவது வந்துச்சா?" அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவன் மலையில் வைத்து முதலில் சொல்ல நினைத்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. "கைய அசைக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியானார்கள். "கூப்பிட்டுட்டு வராம ஏமாத்தினான்" என்பது அக்காவின் பேச்சு. "ஆசயா கூப்பிட்டும் அக்கா வரல" என்று அந்தப் பக்கம் சொல்வதாகக் கேள்விப்பட்டபோது, வாய்கூசாமல் பொய் சொல்கிறானே என்று கொதித்தாள். கணவர் வருடத்துக்கு ஒருமுறை, "ஒரு போன் போட்டாதான் என்ன?" என்பார். "அவனுக்குக் கை இல்லையா?" என்பாள். இப்படியே பதினோரு வருடம் போயிற்று. மருமகளை அவள் ஒரே ஒரு தடவை, பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாலையோரம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தம்பியின் நெற்றி அப்படியே. கையாட்டலாமா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த பிசியோதெரபிஸ்டுக்கும் அவர் மனைவிக்கும் இந்த டப்பா தேடுகிற பைத்தியம் பிடித்திருந்தது. அக்காவிடம் பழைய கருவி ஒன்று தூங்குகிறது என்று கேள்விப்பட்டுக் கேட்டார். அவளும் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று அதைத் தன் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தவர், எக்ஸ்ரே அறைக்கே வந்துவிட்டார்.

"என்னக்கா இது? நான் இங்க நிக்கிறேன், இது என்னடான்னா ரோட்டத் தாண்டி தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நிக்கிறேன்னு சொல்லுது." பட்டன்களை அமுக்கிக்கொண்டே போனவர், "அட, டேட்டம் மாத்தி வெச்சிருக்கீங்க. பழைய மேப்புக்கு உண்டானது. இதுல இணையத்துல வர்ற எண்ணப் போட்டா எங்கயோ கொண்டுபோய் விட்டுடுமே" என்றார்.

"அது சரியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, பழக்கத்தில். "தூண்ல வெச்சுப் பாத்தேன்."

"மேப்புக்கு சரிக்கா. யாராச்சும் அனுப்புற எண்ணுக்கு இல்ல."

அவர் போய்விட்டார். உள்ளே நெஞ்சுப் படம் எடுக்க ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். "மூச்ச இழுங்க. பிடிங்க" என்று சொல்லிக் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பட்டனை அமுக்கினாள். அப்புறம் அங்கேயே நின்றுவிட்டாள். ஓடை, தட்டைப் பாறை, அந்தப் பக்கத்துப் புதர். "விடலாமாம்மா?" என்று பெரியவர் திணறிக்கொண்டு கேட்ட பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஆஸ்பத்திரிக் கதை அன்றைக்கு உண்மையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குக் குரல் லேசாகிக்கொண்டே வந்தது. "அவன் மேலயும் தப்பில்லங்க, என் மேலயும் தப்பில்ல. எல்லாம் அந்த மிஷின் பண்ணுன வேல. நம்பர் இருக்கா உங்ககிட்ட?" அவரிடம் இருந்தது. எப்போதுமே இருந்திருக்கிறது. போனைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

"நான்தாண்டா" என்றாள்.

அந்தப் பக்கம் அவன் குரல்தான். "ம். சொல்லுங்க."

அந்த 'ங்க' அவளைக் குத்தியது. சின்னதிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்ட பிள்ளை. பரவாயில்லை, சொன்னால் சரியாகிவிடும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். கருவி வாங்கினதை, தூணில் வைத்துப் பார்த்ததை, பட்டியலில் மாற்றினதை, ஓடைக்கு இந்தப் பக்கம் தட்டைப் பாறையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்ததை. "நீ அந்தப் பக்கம் இருந்திருக்க, நான் இந்தப் பக்கம் இருந்திருக்கேன். மிஷின் தப்புடா. யார் மேலயும் தப்பில்ல."

"விசில் ஊதுனேனே" என்றான் அவன். "கேக்கலயா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். காற்று அடித்தது, கேட்கவில்லை என்றால் அதோடு முடிந்தது. எதிரே கணவர் நின்றுகொண்டு அவள் முகத்தையே பார்த்தார். பதினோரு வருடமாக அவருக்கே சொல்லாதது.

"கேட்டுச்சு" என்றாள்.

"எனக்கும் உன்னோடது கேட்டுச்சு." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "நீதான் சட்டம் போட்ட, கண்டுபிடிச்சவங்க நகரக் கூடாதுன்னு. கொஞ்ச நேரம் நானும் ரோஷமா உக்காந்திருந்தேன். அப்புறம் என்ன பெரிய ரோஷம், அக்காதானன்னு எழுந்து வந்தேன். ஓடைக்கரைப் புதர் வரைக்கும் வந்துட்டேன். நீ தெரிஞ்ச. டீ குடிச்சிட்டு இருந்த. ஒரே ஒரு டம்ளர வெச்சுக்கிட்டு. தனியா சிரிச்சிட்டு இருந்த. இவளுக்கு நாம வேண்டியதில்லன்னு தோணிடுச்சு. திரும்பிட்டேன்."

"இன்னொரு டம்ளர் பையில இருந்துச்சுடா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பக்கம் தூரத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. "யாருப்பா போன்ல?"

"தெரிஞ்சவங்கம்மா" என்றான் தம்பி. "நீ போய்ப் படி."

அத்தைன்னு சொல்லுடா என்று தொண்டை வரை வந்தது. ஊரையே அதட்டுகிற தொண்டை, அந்த ஒரு வார்த்தையை வெளியே விடவில்லை. அவன் கொஞ்சம் காத்திருந்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"சரி, வெச்சிடவா?" என்றான்.

"ம்" என்றாள்.

கணவர் போனை வாங்கி மேசையில் வைத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"வந்தான்ங்க" என்றாள். "அன்னைக்கு அவன் வந்தான்."